கொலம்பைன்: முதல் நாள் கதையும் பிறகு தெரிந்ததும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், காலைத் தேநீரோடு நாளிதழைப் பிரித்த எங்கள் கொங்கு வட்டாரத்து மக்கள், அமெரிக்காவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுச் செய்தியில் தங்கள் ஊர்ப் பெயரைக் கண்டு திகைத்துப்போனார்கள். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் பொறியியல் படித்து, கான்பூரிலும் பிறகு அமெரிக்காவிலும் மேற்படிப்பை முடித்து, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன், ஏப்ரல் 16ஆம் நாள் காலை நாரிஸ் மண்டபத்தின் 206ஆம் எண் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஓர் அறையில் மட்டும் அவரோடு மாணவர்கள் 9 பேர் இறந்தார்கள். அன்று காலை அந்த வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். கொன்றவனும் அங்கே படித்த மாணவன்தான்.

அவன் அன்று காலையிலேயே ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அஞ்சலில் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான். தனக்கு 8 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பள்ளியில் இதே கொடுமையைச் செய்த இரண்டு மாணவர்களை அதில் தியாகிகள் என்று குறிப்பிட்டிருந்தான். கரட்டடிபாளையத்து வீடொன்றின் துக்கத்துக்கும் கொலராடோ மாநிலத்துப் பள்ளி ஒன்றுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தப் பள்ளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் கொலம்பைன். அது ஒரு பூவின் பெயர். கொலராடோவின் மாநில மலர் அதுதான். இப்போது அந்தப் பெயரைக் கேட்டதும் பூவை நினைப்பவர்கள் தோட்டக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கொன்ற இருவரின் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அந்தப் பெயர்களுக்குக் கிடைத்த பெயரும் புகழும் தங்களுக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளைகள் பின்னால் வந்திருக்கிறார்கள் என்பதை இப்போதுதான் பார்த்தோம். ஆகவே அவர்களை ‘அந்த இருவர்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தப் பொருளில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கல்வி உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். 1999ஆம் ஆண்டில், அந்தச் சம்பவம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடத்தில் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். ஒதுக்கப்பட்ட இரண்டு பிள்ளைகள், அவர்களைக் கேலி செய்த விளையாட்டு வீரர்கள், கறுப்புக் கோட்டு அணிந்த ஒரு கும்பல், கூச்சலான பாட்டு, கொலைகார வீடியோ கேம், ஒருநாள் திடீரென்று வெடித்த ஆத்திரம் என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டது இன்றும் நினைவிருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, விசாரணையாளர்கள் வெளியிட்ட செய்திகளைப் பொறுமையாகப் படித்தபோது, நான் கரும்பலகையில் எழுதியதில் பெரும்பகுதி தவறு என்று தெரிந்தது. அந்த இருவரும் அன்று நீளக் கோட்டு அணிந்து வந்தார்கள் என்பது உண்மை. அந்தக் கோட்டைச் சுற்றி நான் சொன்ன கதைதான் உண்மையல்ல.

சரி, நடந்தது என்ன? 1999 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. டென்வர் நகரத்தின் புறநகர்ப் பகுதியில், ஏறத்தாழ 2000 மாணவர்கள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி. வானொலியில் படம் வரைந்து காட்ட முடியாது. ஆகவே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பெரிய உணவுக்கூடம், அதற்கு நேர் மேலே நூலகம். இது மறுபடியும் வரும்.

காலை 11 மணியைத் தாண்டிய நேரம், முதல் பிரிவு மாணவர்கள் மதிய உணவுக்கு வந்துகொண்டிருந்தபோது, அந்த இருவரும் இரண்டு பெரிய துணிப்பைகளை உணவுக்கூடத்து மேசைகளுக்கு அருகில் வைத்துவிட்டுப் போனார்கள். நூற்றுக்கணக்கான பைகளுக்கு நடுவில் இன்னும் இரண்டு பைகள், அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் எரிவாயு உருளை, அதை வெடிக்கச் செய்வதற்கான ஏற்பாடு, 11 மணி 17 நிமிடத்துக்கு வைக்கப்பட்ட கடிகாரம். அந்த நேரத்தில் கூடத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். வெடித்திருந்தால் அவர்களில் பலர் இறந்திருப்பார்கள் என்றும், மேலே இருந்த நூலகமும் இடிந்து கீழே விழுந்திருக்கக்கூடும் என்றும் புலனாய்வாளர்கள் கருதினார்கள். தப்பி ஓடிவருபவர்களை வெளியே நின்று சுடுவதும், கடைசியில் காவலர்களும் செய்தியாளர்களும் கூடியபின் வாகன நிறுத்துமிடத்தில் இருந்த தங்கள் கார்களே வெடிப்பதும் அவர்களின் திட்டம். உணவுக்கூடத்துப் பைகளும் வெடிக்கவில்லை, கார்களும் வெடிக்கவில்லை. 11 மணி 19 நிமிடத்துக்கு அவர்கள் வெளிப்படியில் நின்றபடி சுடத் தொடங்கினார்கள். நாம் ‘பள்ளித் துப்பாக்கிச் சூடு’ என்று அழைப்பது, தோற்றுப்போன ஒரு குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? குண்டைப் பற்றித் தெரிந்துகொண்ட கணத்திலேயே, கேலி செய்தவர்களைத் தேடிப்போய்ப் பழிவாங்கினார்கள் என்ற விளக்கம் நொண்டத் தொடங்குகிறது. உணவுக்கூடத்தில் வைக்கப்படும் குண்டு யார் கேலி செய்தார், யார் செய்யவில்லை என்று பார்க்காது. அவர்களுடைய நண்பர்களும் அங்கே சாப்பிடுகிறவர்கள்தான். நூலகத்தில் ஏழெட்டு நிமிடங்களுக்குள் 10 மாணவர்களைக் கொன்றபோதும், மேசைகளுக்கு அடியில் இருந்தவர்களைப் பெரும்பாலும் அவரவர் யார் என்று பார்த்துச் சுடவில்லை. அன்று இறந்தவர்கள் மாணவர்கள் 12 பேர், ஆசிரியர் ஒருவர். நண்பகல் 12 மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் அந்த இருவரும் அதே நூலகத்தில் தங்களையே சுட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் கறுப்புக் கோட்டுக் கும்பலின் கதை எங்கிருந்து வந்தது? இதுதான் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பகுதி. நிலையத்தார் கொடுத்த நேரத்தில் பாதியை இதற்கே செலவழித்துவிடுவேன் என்று வீட்டிலேயே எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.

அந்தப் பள்ளியின் வகுப்பறைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலரிடம் கைப்பேசியும் வந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, மேசைகளை அடுக்கி மறைந்திருந்த மாணவர்கள், வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தொலைக்காட்சியைப் போட்டார்கள். அதில் அவர்களுடைய பள்ளியே நேரலையாகத் தெரிந்தது. அவர்களில் சிலர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். அவர்கள் சொன்னது அப்படியே ஒளிபரப்பானது. அதை அடுத்த வகுப்பறையில் மறைந்திருந்தவர்கள் கேட்டார்கள். சாலையைக் கடந்து பூங்காவுக்கு ஓடிவந்த பிள்ளைகளின் முன் ஒலிவாங்கிகள் நீண்டன. யாரோ ஒரு பிள்ளை, பள்ளியில் கறுப்புக் கோட்டு அணிந்து திரிந்த ஒரு சிறு குழுவின் பட்டப்பெயரைச் சொன்னது. அப்படி ஒரு குழு இருந்தது உண்மைதான். ஆனால் அதில் பலர் முந்தைய ஆண்டே படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அந்த இருவரும் அதில் முக்கியமானவர்களும் அல்லர். அந்தப் பட்டப்பெயர் தொலைக்காட்சியில் ஒருமுறை ஒலித்தபிறகு, அடுத்துப் பேட்டி கொடுத்த பிள்ளையிடம் செய்தியாளர் அதைப் பற்றியே கேட்டார். அந்தப் பிள்ளையும், பள்ளி 2000 பேர் படிக்கும் பள்ளி என்பதால் அந்த இருவரையும் நேரில் அறியாமலேயே, ஆமாம் என்றது. அது இரண்டாவது சாட்சியம் ஆகிவிட்டது. இப்படியே மூன்றாவது, நான்காவது.

கவனியுங்கள், இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. நம் ஊர்க் கிணற்றடியில் ஒரு செய்தி ஐந்து வாய் மாறி, முதலில் சொன்னவரிடமே திரும்பி வரும்போது, ‘பார், நான் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது’ என்று அவரே நம்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை அன்று தொலைக்காட்சி ஒரு பிற்பகலில் செய்து முடித்தது. கேட்டவர் சாட்சியானார், சாட்சி சொன்னதைச் செய்தியாளர் மற்றொருவரிடம் கேள்வியாகக் கேட்டார். 25 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அன்று மாலை ஷெரிப், அதாவது அந்த வட்டாரத்துக் காவல்துறைத் தலைவர், சொன்னார். அந்த எண்ணிக்கை மறுநாளே சரிசெய்யப்பட்டது, ஏனென்றால் உடல்களை எண்ண முடியும். நோக்கத்தை அப்படி எண்ணிச் சரிசெய்ய முடியவில்லை. ஒரு ராக் பாடகரின் பெயர் இதில் அடிபட்டு, அவர் தம் நிகழ்ச்சிகளையே ரத்து செய்ய நேர்ந்தது. அந்த இருவரும் அவருடைய ரசிகர்களே அல்லர் என்பது பிறகு வெளியானது.

கட்டுக்கதை எவ்வளவு நாள் உயிர்வாழும் என்று கேட்டால், எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமணத்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் பழைய மாணவர்; இப்போது ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். மிகுந்த அன்போடு, “சார், நீங்க அன்னிக்குச் சொன்ன அந்தக் கறுப்புக் கோட்டுக் கதையத்தான் சார், வருஷா வருஷம் எங்க டீச்சருங்ககிட்ட சொல்றேன்” என்றார். இலையில் பாயசம் இருந்தது; எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பந்தி முடிந்து மண்டபத்து வாசலில் நின்று, அரை மணி நேரம் நான் கற்பித்ததை நானே மறுத்துப் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “ஆனா சார், பழைய கதைதான் பிள்ளைங்க மனசுல நிக்குது” என்றார். அந்த வாக்கியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நிற்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. பலவீனமான பிள்ளையை வலியவன் சீண்டுகிறான், ஒருநாள் பலவீனன் எழுந்து வருகிறான் என்பது நாம் காலங்காலமாகக் கேட்டுப் பழகிய கதையமைப்பு. அதற்குள் எதைப் போட்டாலும் பொருந்திவிடும்.

இன்னொரு கதையும் அந்த நூலகத்திலிருந்தே புறப்பட்டது. ஒரு மாணவியிடம் ‘கடவுளை நம்புகிறாயா’ என்று கேட்டதாகவும், அவள் ‘ஆம்’ என்று சொன்னதும் சுட்டுக் கொன்றதாகவும் செய்தி பரவி, தேவாலயங்களில் பேசப்பட்டு, புத்தகமாகவும் வந்தது. விசாரணையில் தெரியவந்தது வேறு. அந்த உரையாடல் நடந்தது வேறொரு மாணவியோடு. அவர் முதலில் சுடப்பட்டு, வலியில் கடவுளை அழைத்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். மேசைக்கடியில் படுத்தபடி குரலை மட்டும் கேட்ட ஒரு மாணவர், அது இறந்துபோன மாணவியின் குரல் என்று நம்பியிருக்கிறார். பிறகு விசாரணையாளர்கள் அவரை நூலகத்துக்கு அழைத்துச்சென்று குரல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காட்டச் சொன்னபோது, அவருடைய கை நீண்டது வேறொரு மேசையை நோக்கி. இதில் எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. உயிர் பிழைத்த அந்தப் பெண் தனக்கு நடந்ததைச் சொன்னபோது, இறந்தவளின் கதையைத் திருடுகிறாள் என்று சிலர் நினைத்தார்கள். உடம்பில் குண்டுக் காயங்களோடு இருந்த ஒரு பெண்ணைப் பொய்யாக்கும் அளவுக்கு ஒரு கதைக்கு வலிமை வந்துவிட்டது.

இனிக் காரணங்களுக்கு வருகிறேன். பள்ளியில் கேலியும் சீண்டலும் இருந்தன. அந்த இருவரும் அதற்கு ஆளானதும் உண்டு, மற்றவர்களை அவர்களே சீண்டியதும் உண்டு. அவர்கள் தனிமரங்கள் அல்லர். பீட்சாக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தார்கள், நண்பர்கள் இருந்தார்கள். இருவரில் வயதில் இளையவன் அந்தச் சனிக்கிழமைதான் நண்பர் கூட்டத்தோடு ஆண்டிறுதி நடன விருந்துக்குப் போய்வந்திருந்தான், அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருந்தது. இருவருடைய குறிப்பேடுகளையும் படித்த உளவியலாளர்கள் பலர், இருவரையும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகக் கருதவில்லை. மூத்தவனின் எழுத்தில் மற்றவர்கள்மேல் வெறுப்பும், தான் எல்லோரையும்விட உயர்ந்தவன் என்ற இறுமாப்பும், பிறர் வலியைப் பற்றிய எந்த உறுத்தலும் இல்லாத தன்மையும் தெரிந்தன. இளையவன் தாக்குதலுக்கு ஈராண்டு முன்பிருந்தே தன் சாவைப் பற்றியும் கிடைக்காத காதலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய, ஆழ்ந்த மனச்சோர்வில் கிடந்த பிள்ளை. ஒருவன் கொல்ல விரும்பினான். மற்றவன் சாக விரும்பினான். இந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டதுதான் கொலம்பைன் என்பது, எனக்குத் தெரிந்தவரை, அவர்கள் எழுதிவைத்தவற்றோடு மிகவும் ஒத்துப்போகிற விளக்கம். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரையும் இதை வைத்துச் சந்தேகிக்கத் தொடங்கிவிடாதீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடமாட்டார்கள், தங்களுக்குத்தான் ஆபத்தானவர்கள்.

ஆத்திரம் திடீரென்று வெடித்தது என்று கரும்பலகையில் எழுதினேன் அல்லவா? அவர்கள் ஓராண்டு திட்டமிட்டார்கள். ஓராண்டு! அந்த ஓராண்டில் எத்தனை பேருக்கு எத்தனை துண்டுகள் தெரிந்திருந்தன என்று பாருங்கள்.

1998 ஜனவரியில் ஒரு வண்டியின் கண்ணாடியை உடைத்துத் திருடியதற்காக இருவரும் கைதானார்கள். சிறார்களுக்கான சீர்திருத்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, நல்ல பிள்ளைகள் என்ற குறிப்போடு, காலக்கெடுவுக்கு முன்பே 1999 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார்கள். அது நீதிமன்றத்துக்குத் தெரியும். மூத்தவன் தன் இணையப் பக்கத்தில் குழாய் வெடிகுண்டு செய்வதாகவும், தன் பழைய நண்பன் ஒருவனைக் கொல்லப்போவதாகவும் எழுதினான். அந்த நண்பனின் பெற்றோர் அந்தப் பக்கங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஷெரிப் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு புலனாய்வாளர், அந்த வீட்டைச் சோதனையிட அனுமதி கேட்டு ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்தார். அது எந்த நீதிபதியின் மேசைக்கும் போகவில்லை. அப்படி ஒரு தாள் இருந்த செய்தியே 2001இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இளையவன், கோட்டு அணிந்த ஒருவன் மாணவர்களைச் சுட்டுக் கொல்வதாக ஒரு கதையை எழுதி ஆங்கில வகுப்பில் கொடுத்தான். ஆசிரியை பதறிப்போய் அவனிடமும் பெற்றோரிடமும் பேசினார். வெறும் கதை என்று பதில் வந்தது. துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயது நிரம்பிய ஒரு தோழி, 1998 இறுதியில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் தனியார் விற்பனையாளர்களிடம் வாங்கிக்கொடுத்தார். பின்னணி விசாரணை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. நான்காவதை விற்ற இளைஞனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒருமுறை துப்பாக்கிக் கடையிலிருந்து வீட்டுக்கே தொலைபேசி வந்ததாகவும், கேட்டிருந்த பொருள் வந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னபோது, தந்தை தாம் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டதாகவும் மூத்தவனே ஒரு காணொளிப் பதிவில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

நீதிமன்றத்துக்கு ஒரு துண்டு, ஷெரிப்புக்கு ஒரு துண்டு, ஆசிரியைக்கு ஒரு துண்டு, தோழிக்கு ஒரு துண்டு, தந்தையின் காதுக்கு ஒரு துண்டு. எல்லாத் துண்டுகளையும் ஒரே மேசையில் போட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. நான் வலியுறுத்த வந்தது இதைத்தான். கறுப்புக் கோட்டுக் கதையை நான் இவ்வளவு வெறுப்பதற்கும் இதுவே காரணம். அந்தக் கதையை நம்பிய அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், சம்பவத்துக்குப் பிறகு, கறுப்பு உடை அணிந்த பிள்ளைகளையும் ஒதுங்கி நடந்த பிள்ளைகளையும் விரட்டி விசாரித்தார்கள். எந்த உடை என்று பார்த்தார்களே தவிர, யார் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரகசிய சேவைப் பிரிவும் கல்வித்துறையும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. அதிபரைக் கொல்லத் திட்டமிடுபவர்களைப் பற்றி ஆராய்ந்து பழகிய அமைப்பு அது. 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் எடுத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளை இப்படித்தான் இருப்பான் என்று சொல்லத்தக்க ஒரு முகஜாடை கிடைக்கவே இல்லை. நன்றாகப் படிப்பவனும் இருந்தான், தோற்பவனும் இருந்தான், நண்பர்கள் சூழ்ந்தவனும் இருந்தான். கிடைத்தது வேறு. 100க்கு 81 சம்பவங்களில், தாக்குதல் நடக்கப்போகிறது என்பதோ அதற்கான எண்ணம் இருக்கிறது என்பதோ குறைந்தது இன்னொரு நபருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள். தாக்கியவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் முன்னதாகவே தற்கொலை எண்ணத்தையோ முயற்சியையோ வெளிப்படுத்தியவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேற்பட்ட சம்பவங்களில் துப்பாக்கி வந்தது தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான். வன்முறை நிறைந்த வீடியோ கேமில் ஆர்வம் காட்டியவர்கள் 100க்கு 12 பேர் மட்டுமே. நான் கோடு போட்ட சொற்களில் அதுவும் ஒன்று.

81 என்ற அந்த எண்ணை மறுபடியும் சொல்கிறேன், நடுவில் வானொலியைத் திருப்பியவர்களுக்காக. ஐந்தில் நான்கு சம்பவங்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்தது, அவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். ஆனால் தோழனைக் காட்டிக்கொடுப்பது துரோகம் என்பது பிள்ளைகளின் சட்டம். பெரியவர்களிடம் சொன்னால் தனக்குத்தான் திட்டு விழும் என்பது அவர்களின் அனுபவம். கொலராடோவில் 2004ஆம் ஆண்டில், பெயர் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் தொலைபேசியில் தகவல் தரக்கூடிய ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே வரும் தகவல்களில் தற்கொலையைப் பற்றியவை மிகுதி. எனக்கு அது வியப்பாக இல்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் விரலைக் காட்டுகிறார். பின்விளைவுகள் என்று தலைப்பிட்டு நான் எழுதிவந்த நான்கு பக்கங்களில் சிலவற்றைத்தான் இனிச் சொல்ல முடியும்.

டேவ் சாண்டர்ஸ் என்ற ஆசிரியர், உணவுக்கூடத்தில் இருந்த பிள்ளைகளை ஓடச் சொல்லி விரட்டிக் காப்பாற்றியவர், மேல் மாடியில் சுடப்பட்டு, ஓர் அறிவியல் அறையில் மணிக்கணக்கில் இரத்தம் வடியக் கிடந்தார். சாரணர் பயிற்சி பெற்ற மாணவர்கள் தங்கள் சட்டைகளைக் கழற்றிக் காயத்தை அழுத்திப் பிடித்தார்கள். இங்கே ஒருவர் இரத்தம் சிந்திச் செத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதி ஜன்னலில் வைத்தார்கள். கொன்றவர்கள் நண்பகலிலேயே இறந்துவிட்டார்கள். ஆனால் சிறப்புக் காவல்படை அறை அறையாகத் தேடிக்கொண்டு அவரிடம் வந்துசேர்ந்தது பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகு. அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான், சுற்றி வளைத்துக் காத்திருப்பது என்ற பழைய முறை மாறி, முதலில் வந்துசேரும் காவலரே உள்ளே போக வேண்டும் என்ற பயிற்சி அமெரிக்கா முழுவதும் வந்தது. 2022இல் டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி ஊர்ப் பள்ளியில், 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட அன்று, அந்தப் பயிற்சி பெற்றவர்களே 77 நிமிடங்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள்.

கொலம்பைனில் உயிர் தப்பிய பிள்ளைகளை அருகிலிருந்த தொடக்கப் பள்ளிக்குப் பேருந்துகளில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பேருந்து வரும்போதும் பெற்றோர் கூட்டம் குறைந்தது. இன்னும் ஒரு பேருந்து வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. அது வரவில்லை.

தலைமையாசிரியர் பிராங்க் டிஏஞ்சலிஸ், அன்று அப்பகுதி மழலையர் பள்ளிகளில் இருந்த பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியேறும்வரை போகமாட்டேன் என்று சொல்லி, 2014 வரை அந்தப் பள்ளியிலேயே இருந்தார். மேலே நூலகம், கீழே உணவுக்கூடம் என்று சொன்னேன் அல்லவா? அந்த நூலகத்தின் தரையையே எடுத்துவிட்டார்கள். இப்போது உணவுக்கூடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் உயரமான கூரைதான் தெரியும். புதிய நூலகத்தை வேறு பக்கத்தில் கட்டினார்கள். தப்பியவர்களில் சிலர், 2012இல் அதே மாநிலத்தில் ஒரு திரையரங்கில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, புதிதாக அந்தத் துயரத்துக்குள் வருபவர்களுக்குத் துணையாக ஒரு குழுவை ஏற்படுத்தினார்கள். வலிநிவாரணி மாத்திரைகளில் சிக்கி, மீண்டு, மற்றவர்களுக்காகப் பேசிவந்த ஒருவர் 20 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பழக்கத்தாலேயே இறந்தார். அதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், முடியாது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று பள்ளிக்கு வெளியே சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு மாணவிக்கு அப்போது வயது 17. சம்பவம் நடந்து ஆறு மாதங்களில் அவருடைய தாய் தற்கொலை செய்துகொண்டார். 2016இல் அந்தப் பெண், இளையவனின் தாய்க்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதி, தமக்கு அவர்மீது கசப்பு இல்லை என்றார். 2025 பிப்ரவரியில், 43ஆம் வயதில், சக்கர நாற்காலி வாழ்வின் உடல்நலச் சிக்கல்களால் அவர் இறந்தார். மரண விசாரணை அதிகாரி அதைக் கொலை என்றே பதிவு செய்தார். எனவே சற்றுமுன் நான் சொன்ன எண்ணிக்கையை நேயர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். நான் கொண்டுவந்த தாளிலும் 13 என்றுதான் தட்டச்சாகியிருக்கிறது, பழைய தாள். அதை அடித்துவிட்டு 14 என்று பேனாவால் எழுதியிருக்கிறேன்.

வணக்கம்.